பேரிங் மாற்றிய பிறகும் ஆயில் பிரஷர் குறைவா? காரணம் காணும் வழிகள்



நம் சங்க உறுப்பினர்களில் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திராதவர்கள் குறைவு. மளிகை, அரிசி, எண்ணெய், சிமெண்ட், ஹார்டுவேர் என்று எந்த வியாபாரமானாலும் கடைக்குச் சரக்கு வந்து சேரவும், வாடிக்கையாளரிடம் போய்ச் சேரவும் ஒரு வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வண்டி பட்டறையில் நின்றுவிட்டால் நமது வியாபாரமும் பாதி நின்றுவிடுகிறது. அதே போல் நம்மில் பலர் மோட்டார் உதிரிபாகக் கடை நடத்துகிறவர்கள். ஆகவே இந்தக் கட்டுரை வண்டி வைத்திருப்பவருக்கும், பாகம் விற்பவருக்கும் பொதுவானது.

நாம் மொத்த வியாபாரக் கவுன்ட்டரில் உட்கார்ந்த நாள் முதல் மாதம் ஒரு முறையாவது கேட்கும் புகார் ஒன்று உண்டு. "பேரிங் செட் புதிதாகப் போட்டோம். ஆனாலும் ஆயில் பிரஷர் வரவில்லை. நீங்கள் கொடுத்த பேரிங் சரியில்லை" என்பதே அது. மெக்கானிக் கடைக்காரரைச் சொல்கிறார். கடைக்காரர் லேத் பட்டறையைச் சொல்கிறார். லேத் பட்டறைக்காரர் மெக்கானிக்கைச் சொல்கிறார். நடுவில் வண்டி உரிமையாளர் இரண்டாம் முறை பேரிங் வாங்கி, இரண்டாம் முறை கூலி கொடுத்து, அப்போதும் பிரஷர் வராமல் நிற்கிறார். இப்படிப்பட்ட தகராறுகளில் பேரிங் உண்மையிலேயே கெட்டதாக இருப்பது மிகச் சிலவற்றில்தான் என்பது நமது அனுபவம். மற்றவற்றில் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதை முறைப்படி தேடினால் கண்டுபிடிக்கலாம். அந்த முறையைத்தான் இங்கே எளிமையாகச் சொல்ல முற்படுகிறோம்.

பிரஷர் என்பது என்ன?

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்படும் ஆயில் எளிதில் வெளியேற முடியாமல் தடைபடும்போதுதான் பிரஷர் எழுகிறது. தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு அதன் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடுகிறது அல்லவா? விரலை எடுத்தால் சாதாரணமாக ஊற்றுகிறது. இன்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்வது கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளி.

ஆயில் செல்லும் பாதை இது: சம்ப், அதிலுள்ள சல்லடை, உறிஞ்சும் பைப், பம்ப், ரிலீஃப் வால்வ், ஃபில்டர், பிளாக்கில் உள்ள பெரிய ஆயில் கேலரி. கேலரியிலிருந்து மெயின் பேரிங்குகளுக்கும் கேம் ஷாஃப்ட் புஷ்களுக்கும் ராக்கர் ஷாஃப்ட்டுக்கும் கிளைகள் பிரிகின்றன. மெயின் பேரிங்குக்கு வந்த ஆயில் கிராங்கில் துளையிட்ட வழியாகக் கனெக்டிங் ராட் பேரிங்குக்குப் போகிறது. இந்தப் பாதையில் பம்புக்கு முன்னே காற்று புகுந்தாலும், பம்புக்குப் பின்னே எங்காவது அதிகமாக ஒழுகினாலும் கேஜ் முள் கீழே இறங்கும்.

இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பொதுவான வழக்கில் ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவார்கள். 60 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். இந்த இடைவெளி வழியே ஒழுகும் ஆயிலின் அளவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது இடைவெளி ஒன்றரை மடங்கானால் ஒழுகல் சுமார் மூன்றரை மடங்காகும். இரண்டு மடங்கானால், 0.06 என்பது 0.12 ஆனால், ஒழுகல் எட்டு மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் கேஜில் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதனால்தான்.

ஆயிலின் கெட்டித்தன்மையும் இதே அளவு முக்கியம். 15டபிள்யூ-40 போன்ற ஆயில் 40 டிகிரி சூட்டில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக இளகிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முள் நன்றாக ஏறி நிற்பதும், பத்து மைல் ஓடி வந்தபின் விழுவதும் இதனால்தான். ஆகவே குளிர்ந்த இன்ஜினில் பார்த்த பிரஷரை வைத்து வேலை சரி என்று வண்டியை எடுத்துவரக் கூடாது.

ஒரு பழைய சோதனை

1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுக்கான பேரிங்கைச் சோதித்தார். பேரிங்கின் மேல்புறம் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே ஆயில் மேலே வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. கேஜ் வைத்துப் பார்த்தபோது, பேரிங்கின் மேலிருந்த சராசரி பாரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பிரஷர் தெரிந்தது. சுழலும் அச்சு தானே ஆயிலை இழுத்து ஆப்பு போல் அடியில் செருகிக்கொண்டு, அந்த ஆயில் படலத்தின் மீதே மிதக்கிறது என்பது அப்போது தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்.

இதனால் நமக்கு என்ன பாடம்? கிராங்கைத் தாங்குவது பம்பின் பிரஷர் அல்ல. பேரிங்குக்குள் தானாக எழும் படலமே தாங்குகிறது. பம்ப் தடையின்றி ஆயிலைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கேஜ் காட்டுவது கேலரியின் பிரஷர் மட்டுமே. ஆகவே கேஜில் முள் நிமிர்ந்து நிற்பதாலேயே எல்லாப் பேரிங்குக்கும் ஆயில் போகிறது என்றும் சொல்ல முடியாது. துளையுள்ள மேல் பேரிங்கைக் கீழேயும், துளையில்லாத கீழ் பேரிங்கை மேலேயும் மாற்றிப் போட்டுவிட்டால் கேஜில் குறை தெரியாது. ஆனால் ஆயில் வழி அடைபட்டு அந்தப் பேரிங் சில நிமிடங்களில் பிடித்துவிடும்.

எவ்வளவு இருந்தால் சரி?

ஒவ்வொரு இன்ஜினுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் அளவு உண்டு. அதுவே முடிவானது. புத்தகம் கைவசம் இல்லாதபோது பழைய மெக்கானிக்குகள் வைத்திருந்த கணக்கு, ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்பது. ஒரு கிலோ பிரஷர் என்பது 14.2 பவுண்டு. அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் சூடான இன்ஜினில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ வேண்டும். இது தோராய மதிப்பு மட்டுமே. தேவைக்குத் தக்கபடி ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் உள்ள இன்றைய சில இன்ஜின்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இன்னொன்று. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, ஆகவே பிரஷர் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு அரை கிலோவுக்கும் குறைந்தால்தான் எரியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. விளக்கு எரிந்தால் அது அபாயம். உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். எரியவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று பொருளில்லை.

முதலில் செய்ய வேண்டியவை

சம்பைக் கழற்றுவதற்கு முன்பே, செலவில்லாமல் பார்க்க வேண்டியவை நான்கு.

1. ஆயில் அளவு. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலும் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். நுரை கலந்த ஆயில் பிரஷர் பிடிக்காது.

2. ஆயிலின் தன்மை. டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலை விரலில் தேய்த்து, முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வீசி, அளவும் கூடியிருந்தால் டீசல் கலக்கிறது என்று பொருள். இன்ஜெக்டர் ஒழுகலோ ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிசலோ காரணமாக இருக்கலாம். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயிலில் எத்தனை பேரிங் மாற்றினாலும் பிரஷர் வராது. புத்தகத்தில் குறிப்பிட்ட கிரேடு ஆயில்தானா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. கேஜ். டேஷ்போர்டு கேஜையும், அதற்குச் செய்தி அனுப்பும் சென்டிங் யூனிட்டையும் நம்பி இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. அந்த யூனிட்டைக் கழற்றிவிட்டு, அதே துளையில் ஒரு நல்ல மெக்கானிக்கல் கேஜை மாட்டி, இன்ஜின் சூடானபின் ஸ்லோவிலும் 2000 சுற்றிலும் அளந்து எழுதிவைக்க வேண்டும். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டால் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

4. ஃபில்டர். அந்த இன்ஜினுக்கு உரிய ஃபில்டர்தானா, பழைய ரப்பர் கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே புதியதை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் ஃபில்டரை மாட்டக் கூடாது. உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வின் அமைப்பு வேறாக இருக்கலாம்.

முள் சொல்லும் செய்தி

மெக்கானிக்கல் கேஜில் பிரஷர் குறைவு என்று உறுதியான பிறகு, அது எப்போது, எப்படிக் குறைகிறது என்று கவனிக்க வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது.

முதல் ஸ்டார்ட்டிலிருந்தே முள் அசையவில்லை என்றால், பம்ப் ஆயிலைப் பிடிக்கவில்லை. பம்பைப் பூட்டுவதற்கு முன் ஆயில் நிரப்பாமல் உலர்வாகப் பூட்டியிருக்கலாம். பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் சரியாக உட்காராமல் இருக்கலாம். கேலரி பிளக்கைத் திரும்பப் போட மறந்திருக்கலாம்.

குளிர்ச்சியில் நன்றாக இருந்து, சூட்டில் ஸ்லோவில் மட்டும் விழுந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஏறுகிறது என்றால், எங்கோ இடைவெளி அதிகம். அல்லது ஆயில் நீர்த்துவிட்டது. அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது.

ஸ்லோவில் சரியாக இருந்து, வேகம் கொடுத்தும் ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை என்றால், ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். அல்லது சல்லடை பாதி அடைபட்டு, பம்ப் கேட்கும் அளவு ஆயில் வந்து சேராமல் இருக்கலாம்.

முள் துடித்துக்கொண்டே இருந்தால் காற்று புகுகிறது. உறிஞ்சும் பைப்பின் ஓ-ரிங், கேஸ்கட், வெல்டிங் விரிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சில நாள் நன்றாக ஓடி, பிறகு படிப்படியாகக் குறைகிறது என்றால், உள்ளே தூசியோ உலோகப் பொடியோ இருந்து புதிய பேரிங்கை அரிக்கிறது. அல்லது அதிகமாகத் தடவிய கேஸ்கட் பேஸ்ட் உதிர்ந்து சல்லடையில் சேர்கிறது.

பழைய பேரிங் விட்டுச் சென்ற வினை

பேரிங் மாற்றினோம் என்றால், பழைய பேரிங் ஏதோ ஒரு காரணத்தால் கெட்டது என்று பொருள். அந்தக் காரணம் என்ன என்று கேட்காமல் பாகத்தை மட்டும் மாற்றினால் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது போலாகும்.

பழைய பேரிங் உதிர்ந்தபோது அதன் உலோகப் பொடி ஆயிலோடு இன்ஜின் முழுவதும் சுற்றியிருக்கும். அந்தப் பொடி பம்பின் பல்சக்கரங்களைக் கீறியிருக்கும். ரிலீஃப் வால்வின் பிஸ்டனுக்கு இடையில் சிக்கி அதைத் திறந்தபடியே நிறுத்தியிருக்கும். ஆயில் கூலருக்குள்ளும், கிராங்கின் குறுக்குத் துளைகளுக்குள்ளும் தங்கியிருக்கும். ஆகவே கிராங்கைக் கிரைண்டிங் செய்து வந்தவுடன், துளைகளின் பிளக்கைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, மீண்டும் பிளக்கைப் போட வேண்டும். கழுவுவதற்காகக் கழற்றிய பிளக்கைப் போடாமலே பூட்டிவிட்டால் அதுவே பெரிய ஒழுகலாகிவிடும்.

ரிலீஃப் வால்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரஷர் வரவில்லை என்றால் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ரிலீஃப் வால்வ் பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் கதவு. ஸ்லோ ஸ்பீடில், பிரஷர் குறைவாக உள்ளபோது, அந்தக் கதவு மூடித்தான் இருக்க வேண்டும். மூடிய கதவின் ஸ்பிரிங்கை இறுக்குவதால் ஸ்லோ பிரஷர் கூடப்போவதில்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டில் அளவு மீறிய பிரஷர் ஏறி ஃபில்டர் பிதுங்கவும் கூடும். கெட்டியான ஆயிலை ஊற்றியோ, மருந்து டப்பாவைக் கலந்தோ முள்ளை நிமிர்த்துவதும் இதே வகைதான். முள் நிமிரும், நோய் அப்படியே இருக்கும்.

சம்பைக் கழற்றிய பிறகு

சம்பைக் கழற்றினால் முதலில் அடியில் படிந்திருப்பதைப் பாருங்கள். செம்பு நிறப் பொடியோ வெள்ளை மினுக்கோ இருந்தால் புதிய பேரிங் ஏற்கெனவே உரிகிறது. சல்லடையில் பேஸ்ட் துணுக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சம்பின் அடிப்பகுதி எங்காவது அடிபட்டு உள்ளே ஒடுங்கியிருந்தால், சல்லடை சம்பின் தரையோடு ஒட்டிக்கொண்டு ஆயில் போக இடமில்லாமல் போகும். நமது கிராமச் சாலைகளில் இது அபூர்வமானதல்ல.

அடுத்து பம்ப். மூடியைக் கழற்றி, ஒரு நேர்பட்டையைக் குறுக்கே வைத்து, பல்சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவில் ஃபீலர் கேஜை விட்டு அளக்க வேண்டும். மூடியின் உள்முகத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அந்தப் பம்ப் சூட்டில் பிரஷர் தராது. பேரிங்குக்குப் பணம் செலவழித்தவர்கள் பம்பில் மிச்சம் பிடிப்பது சரியான சிக்கனமல்ல.

இடைவெளியில் எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. சம்ப் திறந்திருக்கும்போதே, வெளியிலிருந்து ஒரு ஆயில் டப்பாவைக் காற்றழுத்தத்தோடு கேலரித் துளையில் இணைத்து, ஆயிலை உள்ளே செலுத்த வேண்டும். கிராங்கை மெல்லச் சுற்றிக்கொண்டே கீழிருந்து பார்த்தால், எல்லாப் பேரிங்கிலும் ஓரளவு ஒரே மாதிரி சொட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் தாரையாக ஊற்றினால் குற்றவாளி அதுதான். ஒன்றில் சொட்டே இல்லை என்றால் அங்கே வழி அடைபட்டிருக்கிறது. பேரிங்கில் எல்லாம் சரியாக இருந்து, வேறெங்கோ ஊற்றினால், கேம் புஷ்ஷோ, பிஸ்டன் கூலிங் ஜெட்டோ, விடுபட்ட பிளக்கோ காரணம். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் அந்தச் சிறிய ஜெட், ராடைக் கழற்றி மாட்டும்போது தட்டுப்பட்டு உடைந்துபோவது உண்டு. வழக்கமாக யாரும் அங்கே பார்ப்பதில்லை.

நமக்குத் தெரிந்த மொத்த அரிசி வியாபாரி ஒருவரின் நான்கு சிலிண்டர் டீசல் வண்டியில் இப்படித்தான் நடந்தது. இரண்டு முறை பேரிங் செட் மாற்றினார்கள். மூன்றாம் முறை கிராங்கையே மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. அதற்கு முன் வேறொரு பட்டறையில் உறிஞ்சும் பைப்பைக் கழற்றிப் பார்த்தபோது, ஓ-ரிங் சூட்டில் காய்ந்து கல்லாக இறுகி, வெட்டுப்பட்டிருந்தது. மிகச் சொற்ப விலையுள்ள ரப்பர் வளையம் அது. மாற்றியதும் பிரஷர் வந்துவிட்டது. இடையில் அறுவடைக் காலத்தில் மூன்று வாரம் வண்டி நின்றதில் அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை யார் கொடுப்பது? பேரிங் கொடுத்த கடைக்காரரோடு அவர் கொண்ட மனக்கசப்பும் தீர வெகுநாள் ஆயிற்று.

பேரிங்கில் நடக்கும் தவறுகள்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பேரிங்குக்கு வர வேண்டும். அங்கே அடிக்கடி காண்பவை இவை.

ராட் பேரிங்கை மட்டும் மாற்றி மெயினை விட்டுவிடுவது. சம்பைக் கழற்றி வண்டியிலேயே ராட் பேரிங்கை மாற்றுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் ஆயில் முதலில் வருவது மெயினுக்கு. மெயினில் தேய்மானம் இருந்தால் அங்கேயே ஒழுகிப்போகிறது. ராடுக்குப் புதிய பேரிங் போட்டும் பயனில்லை.

தேய்ந்த கிராங்கில் புதிய பேரிங். ஜர்னல் முட்டை வடிவமாகவோ ஒருபுறம் சரிவாகவோ தேய்ந்திருந்தால், புதிய பேரிங் அதைச் சரி செய்யாது. மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும் இரு திசைகளில், இரு ஓரங்களில் அளந்து பார்த்த பிறகே கிரைண்டிங் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

சைஸ் மாறுவது. பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நாம் கவுன்ட்டரில் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்ற கணக்கு. பத்து என்றால் 0.25 மில்லிமீட்டர், இருபது என்றால் 0.50 மில்லிமீட்டர். பேரிங்கின் முதுகில் எஸ்டிடி, 010, 020 என்றோ, 0.25, 0.50 என்றோ முத்திரை இருக்கும். ராட் ஜர்னல் ஒரு சைஸிலும், மெயின் ஜர்னல் வேறு சைஸிலும் கிரைண்டிங் ஆகியிருப்பது உண்டு. சீட்டில் ஒன்றை மட்டும் எழுதி அனுப்பினால் கடைப் பையன் இரண்டையும் அதே சைஸில் கொடுத்துவிடுகிறான். சில கார் இன்ஜின்களில் மெயின் பேரிங்கை நிறக் குறி பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள குறிகளைக் கேட்டு வாங்கிய பிறகே அந்தப் பேரிங்கைக் கொடுக்க வேண்டும்.

கேப் மாறுவது, திரும்புவது. ஒவ்வொரு கேப்பும் அதன் இடத்தில் பூட்டிய நிலையிலேயே போர் செய்யப்பட்டது. இரண்டாம் எண் கேப்பை மூன்றில் போட்டால் துளை வட்டமாக இருக்காது.

கேப்பை அரத்தால் தேய்ப்பது, பேரிங்குக்குப் பின்னால் காகிதம் வைப்பது. அந்தக் காலத்தில் ஒயிட் மெட்டலை ஊற்றி, நீலம் தடவி, சுரண்டிப் பொருத்திய நாட்களில் இந்தக் கைவேலைக்கு இடமிருந்தது. இன்றைய மெல்லிய பேரிங்குக்கு இது ஆகாது. பேரிங்கின் இரு முனைகளும் துளையின் விளிம்பைவிட மயிரிழை உயரமாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். கேப்பை இறுக்கும்போது அந்த உயரம் அமுங்கி, பேரிங் துளையோடு ஒட்டிப் பிடிக்கிறது. அதைத் தேய்த்தால் வட்டமும் போகும், பிடிப்பும் போகும்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்குவது. கை அளவுக்கு இறுக்கினால் கேப் ஒன்று இறுகியும் ஒன்று தளர்ந்தும் இருக்கும். பல இன்ஜின்களில் ராட் போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீளும் வகையைச் சேர்ந்தது. மாற்றியே ஆக வேண்டும்.

இடைவெளியை நேரில் அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு போன்ற நூல் கிடைக்கிறது. ஆயிலைத் துடைத்துவிட்டு, ஜர்னலின் மேல் குறுக்காக ஒரு துண்டு வைத்து, கேப்பை உரிய டார்க்கில் இறுக்க வேண்டும். கிராங்கைச் சுற்றக் கூடாது. கேப்பைக் கழற்றி, நசுங்கிய நூலின் அகலத்தை உறையில் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். பச்சை நூல் 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை அளக்கும். சிவப்பு நூல் 0.051 முதல் 0.152 வரை. பத்து நிமிட வேலை. இதைச் செய்துவிட்டால் கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் வாக்குவாதமே வராது.

உதிரிபாகக் கடைக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

பேரிங் விற்கும்போது கவுன்ட்டரில் ஐந்து கேள்விகள் கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: இன்ஜின் மாடல் என்ன? மெயின், ராட் இரண்டும் தனித்தனியே என்ன சைஸ்? கிரைண்டிங் சீட்டு இருக்கிறதா? பழைய பேரிங் எதனால் கெட்டது? பம்ப், ஓ-ரிங், ஃபில்டர் பார்த்தாயிற்றா? இந்தக் கடைசிக் கேள்வியால் நமக்கு இரண்டு பாகம் கூடுதலாக விற்கலாம் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய லாபம், சரக்கு திரும்பி வராதது.

பாகம் திரும்பி வந்தால் கோபப்படாமல் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். பேரிங் தன் கதையைத் தானே சொல்லும். உள்முகத்தில் நீளக் கோடுகளும் பதிந்த துகள்களும் இருந்தால் சரியாகக் கழுவவில்லை. முதுகில் ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு இருந்தால் பின்னால் தூசி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது அல்லது ஜர்னல் சரிவு. முதுகு முழுவதும் கறுத்துச் சுழன்ற தடம் இருந்தால் பிடிப்பு இல்லை. இவை எதுவும் இல்லாமல் உலோகப் பூச்சு பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்திருந்து, மற்ற அளவுகளும் சரியாக இருந்தால் மட்டுமே பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது பெட்டி, தொகுதி எண், பில் ஆகியவற்றோடு தயாரிப்பாளருக்கு அனுப்பி நியாயம் கேட்பது நம் கடமை.

போலிச் சரக்கு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியில் வேறு சரக்கை வைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளுபவர்கள் உண்டு. 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின்படி போலிச் சின்னமிட்ட பொருளைச் செய்பவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கிய சரக்கை, பில் போட்டு விற்பதே நமக்குப் பாதுகாப்பு. தகராறு வரும் நாளில் பேசப்போவது நம் வாய் அல்ல, அந்தக் காகிதம்தான்.

வண்டி உரிமையாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

விளக்கு எரிந்தாலோ முள் விழுந்தாலோ "கடை வரை ஓட்டிவிடலாம்" என்று டிரைவர் எண்ண இடம் கொடுக்கக் கூடாது. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இழுத்து வரும் செலவு, கிராங்கும் பிளாக்கும் போன செலவின் முன் ஒன்றுமில்லை.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மெக்கானிக்கல் கேஜில் ஸ்லோ பிரஷர், 2000 சுற்றுப் பிரஷர் இரண்டையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேரிங்குகளை எண் வரிசைப்படி கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறையில் கழுவிய பிறகும் உள்ளே மிச்சம் இருக்கும் பொடியை வெளியேற்ற, முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான்: ஆயில் அளவு, ஆயில் தன்மை, சரியான கேஜ், ஃபில்டர், ரிலீஃப் வால்வ், சல்லடையும் உறிஞ்சும் பைப்பும், பம்ப், பிளக்கும் ஜெட்டும் கேம் புஷ்ஷும், அதன் பிறகே பேரிங்கும் கிராங்கும். செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதை நோக்கிச் செல்லும் வரிசை இது. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களின் பணம்தான் பட்டறையிலும் கடையிலும் வீணாகிறது.

கடைக்காரர், மெக்கானிக், லேத் பட்டறைக்காரர், வண்டி உரிமையாளர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் நம்பித்தான் பிழைக்கிறோம். பழி சொல்வதற்கு முன் அளந்து பார்ப்பது என்ற ஒரு பழக்கத்தை நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டால், அந்த நம்பிக்கையும் நிலைக்கும், வியாபாரமும் தழைக்கும். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கவுன்ட்டரிலும் பட்டறையிலும் ஒட்டிவைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.